முடியளவார் மாட்டிய கப்ளிங்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எத்தனை மோட்டார் ஓடுகிறதோ, அதில் பாதி கரண்டில் ஓடுகிறது. மீதிப் பாதி, முடியளவார் வந்து திட்டுவாரே என்ற பயத்தில் ஓடுகிறது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் ஏற்றி அணைத்து நான் இதைச் சொல்வேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று கட்டாயம் இருக்கும். ரேஷன் கார்டில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவைப்படவில்லை. எதைக் கேட்டாலும் "முடியளவு கூட", "முடியளவு கம்மி" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அதனால் முடியளவார். இதில் வேடிக்கை, தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. உச்சி வெயிலில் அவர் குனிந்து வேலை செய்தால் எதிரில் நிற்கிறவர்களுக்குக் கண் கூசும். தன்னிடம் இல்லாத பொருளை வைத்து ஊரையே அளந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அவர் தொழில், மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வைப்பது. இதைக் கேட்டால் ஏதோ இரண்டு நட்டை முடுக்குகிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாம்பழம். சூளகிரி தாண்டி ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாம்பழக் கூழ் கம்பெனி இருக்கிறது. அங்கே பெல்ட்டில் நின்று பழம் பொறுக்கும் நாற்பது பெண்களுக்கு நான்தான் மேஸ்திரி. எனக்குக் கையெழுத்து வராது, கட்டைவிரல்தான். ஆனால் ஓடுகிற பெல்ட்டில் நூறு பழத்துக்கு நடுவில் ஒரு அழுகல் வந்தால் கண் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். பத்திரிகைக்கு அனுப்ப இதையும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளுடையது.

முடியளவாரைப் பற்றிச் சொல்ல வந்தேன். பஸ் ஸ்டாப் எதிரில் ஒரு டீக்கடை. எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். இவர் போனால் டீயைக் கையில் வாங்கி, பெஞ்சின் மேல் வைத்து, குனிந்து, கண்ணை கிளாஸுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். அப்புறம் டீயை விட்டுவிட்டு பெஞ்சுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். ஒரு தடவை நானே அங்கே வடை வாங்க நின்றுகொண்டிருந்தேன். டீ மாஸ்டர் கத்துகிறார்:

"யோவ், டீ குடிக்க வந்தியா, பெஞ்சு ரிப்பேருக்கு வந்தியா? கஸ்டமர் உக்காந்திருக்காங்கய்யா."

அடியிலிருந்து குரல் மட்டும் வருகிறது. "எழுந்திரிக்கச் சொல்லு. மூணு கால் தரையில இருக்குது, ஒரு கால் சும்மா பேருக்குத் தொங்குது. டீல ஆடை எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்குது பாரு."

"ஆடை ஒதுங்கினா உனக்கென்னாய்யா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. டீக்குத்தான் அவமானம்."

அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். அதற்குள் டீ ஆறிப்போய், அதற்கும் மாஸ்டரைத்தான் திட்டினார்.

அவர் திட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எல்லாருக்கும் மூன்று பாஷை வரும். காலையில் பால்காரரிடம் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வீட்டில் தமிழ். ஆனால் இவரைப் போல யாரும் பாஷையைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கவில்லை. எண்ணுவது கன்னடத்தில். மெஷினோடு பேசுவது தமிழில். மனிதர்களைத் திட்டுவது தெலுங்கில். ஏன் தெலுங்கு என்று கேட்டதற்கு, "அதுலதான் திட்டு இனிப்பா இருக்கும், வாங்கிக்கிறவனுக்கும் நோவாது" என்றார்.

அப்புறம் அந்த நகப்பூச்சு. முடியளவார் ஒரு நட்டை முடுக்கினால் அதோடு விடமாட்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை எடுத்து, நட்டிலிருந்து கீழே இருக்கும் இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். நட்டு கொஞ்சம் சுற்றியிருந்தால்கூடக் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். மெஷினில் செய்தால் சரி. மனிதர் தன் மொபெட்டில் அத்தனை நட்டுக்கும் கோடு போட்டிருந்தார். வீட்டு கேஸ் சிலிண்டரிலும் கோடு இருக்கிறதாம். டிபன் கேரியர் மூடிக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு கோடு, வழியில் யாராவது திறந்து பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள. எங்கள் பெல்ட்டில் நிற்கும் கெம்பம்மா, வாய்க்குப் பூட்டே இல்லாதவள், ஒருநாள் கேட்டேவிட்டாள்:

"ஏண்ணா, வீட்ல அண்ணிக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கியா?"

"அவளுக்கு எதுக்கும்மா? அவ டைட்டாத்தான் இருக்கறா. லூசு நான்தான்."

கல்யாணக் கதை இன்னும் மோசம். அவருடைய தங்கை மகள் கல்யாணம், தாய்மாமன் முன்வரிசையில். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை மூன்று முடிச்சுப் போட்டு நிமிர்கிறான். இவர் எழுந்து மேடைக்குப் போய், பெண்ணின் பின்னால் குனிந்து பார்த்து, "மாப்ள, மூணாவது முடிச்சு சரியில்ல, இன்னொருக்கா போடு" என்றாராம். சபையே திகைத்துப்போயிற்று. ஐயர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான்" என்றாராம். மேளக்காரர்கள் மறுபடி ஒரு தடவை வாசிக்க வேண்டியதாயிற்று. இதை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள், நான்கிலும் முடிச்சு லூசாகத்தான் இருந்தது.

வேலைக்கு வந்தால் முதல் காரியமாக மெயின் ஸ்விட்சிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே கை விட்டிருக்கும்போது யாராவது மோட்டாரைப் போட்டுவிட்டால் கை போய்விடும் அல்லவா? நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு கம்பெனியில் வேலையை முடித்துவிட்டு ஃபியூஸ் கட்டையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அங்கே எழுபது பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். "கட்டைய ஏண்ணா திருப்பித் தரல?" என்று கேட்டால், "கையெல்லாம் பத்திரமா இருந்துச்சில்ல?" என்றாராம்.

சரி, கப்ளிங்குக்கு வருகிறேன். அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார் இருக்கிறதே, அது படபடவென்று சுற்றும், நிதானம் கிடையாது. கியர்பாக்ஸ் அந்த வேகத்தை வாங்கி, அடக்கி, மெதுவாக்கி பெல்ட்டுக்குக் கொடுக்கும். மோட்டாரிலிருந்து ஒரு தண்டு வருகிறது, கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு வருகிறது. இரண்டின் முனையிலும் பல் வைத்த இரும்புக் குடம் ஒவ்வொன்று மாட்டி, நடுவில் பூ மாதிரி ஒரு ரப்பர் வைத்துக் கோத்துவிடுவார்கள். அதுதான் கப்ளிங். இன்னும் எளிதாகச் சொன்னால், மோட்டார் மருமகள், கியர்பாக்ஸ் மாமியார், நடுவில் கிழிகிற ரப்பர் என் மகன். எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுதம்மா, ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாம்பழ சீசன் ஆரம்பித்து மூன்றாம் நாள். பெல்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மோட்டார் பக்கம் டொக் டொக் டொக் என்று சத்தம், அப்புறம் ஒரு பெரிய டமார், பெல்ட் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் கியர்பாக்ஸ் தண்டில் இருந்த குடம் வழுக்கி முனைக்கு வந்துவிட்டது, ரப்பர் பூ பொடிப்பொடியாகக் கிடக்கிறது. எங்கள் ஆபரேட்டர் பாண்டி, மதுரைப் பக்கத்துப் பையன், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள், சுத்தியலை எடுத்து அடித்து உள்ளே தள்ளி, திருகை முடுக்கி, புது ரப்பர் போட்டு ஓட்டினான். இரண்டு மணி நேரம் ஓடியது. மறுபடி டொக் டொக். மறுபடி சுத்தியல். அடுத்த நாள் ஒரு மணி நேரம் ஓடியது. மூன்றாவது தடவை அரை மணி.

நான் பாண்டியை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "ஒரு இரும்ப ஒரு இரும்புல மாட்டத் தெரியல, நீயெல்லாம் என்ன ஆபரேட்டரு? பொம்பளைங்க நாங்க வளையல் போடுறோம், தானா கழண்டா வருது?"

"நானும் அங்கிட்டு இங்கிட்டு பாத்து டைட்டாத்தேன் வைக்கிறேன், மேஸ்திரியம்மா. நிக்க மாட்டேங்குதே, நான் என்னத்தச் செய்ய?" என்று அழாத குறையாகச் சொன்னான் பாவம்.

வாசலிலிருந்து ரோடு வரைக்கும் லாரி நிற்கிறது. எல்லாம் பழுத்த பழம். வெயிலில் இன்னும் ஒரு நாள் நின்றால் உள்ளே வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். ஈ ஒரு பக்கம், டிரைவர்கள் கூச்சல் ஒரு பக்கம். முதலாளிக்குச் சின்ன வயசு, அப்பா போன பிறகு கம்பெனியை எடுத்து நடத்துகிறவர். நல்ல பிள்ளைதான், ஆனால் அன்றைக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "மேஸ்திரியம்மா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெல்ட் ஓடணும். ஓடலைன்னா லாரிய எல்லாம் ஆந்திரா பக்கம் வேற கம்பெனிக்குத் திருப்பிடுவேன். வெவசாயிங்க அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாங்க. இந்த சீசனுக்குப் பெல்ட் வேலையே இருக்காது. உங்க ஆளுங்ககிட்ட சொல்லிருங்க" என்றார்.

எப்படிச் சொல்வது? அந்த நாற்பது பேரையும் ஊர் ஊராகப் போய், "இரண்டரை மாசம் வேலை இருக்குது, வாங்கடி" என்று வேனில் ஏற்றிக் கூட்டி வந்தவள் நான். அந்த இரண்டரை மாசம்தான் அவர்களுக்கு வருஷமே. எட்டு வருஷமாக என் வார்த்தையை நம்பி ஏறுகிறார்கள். நான் சொல்லவில்லை. "கொஞ்சம் ரிப்பேரு, உக்காருங்க" என்று மட்டும் சொன்னேன். கெம்பம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

பாண்டி முடியளவாருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.

"தண்டு எவ்ளோ கனம்?"

"ஒரு மொளகா பஜ்ஜி கனம் இருக்கும்ணே."

போன் கட் ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் மொபெட் வாசலில் வந்து நின்றது. இறங்கியதும் பாண்டியைப் பார்த்துத் தெலுங்கில் நான்கு வார்த்தை. இனிப்பாகத்தான் இருந்தது. மெயினுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். குடத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"இது கப்ளிங்கா, தொப்பியா?" என்றார். "சுத்தியால அடிச்சு அடிச்சு ஓட்டைய அகலம் பண்ணி வச்சிருக்கற. அடிச்சு உள்ள அனுப்பினது எல்லாம் ஒருநாள் வெளிய வந்துரும்பா. புருஷன் பொண்டாட்டிக்கே அதான் கதி, இரும்புக்கு என்னா?"

சுத்தியலை வாங்கி மாந்தோல் குப்பையில் வீசினார். தண்டை நாலு இடத்தில் அளந்தார். துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "லேத்துல புதுசா கடைஞ்சு எடுத்தாரேன். தண்டைவிட ஓட்டை முடியளவு கம்மியா" என்று ஓசூருக்குப் போய்விட்டார்.

"கம்மியா இருந்தா எப்படிண்ணா உள்ள போவும்?" என்று கெம்பம்மா கேட்டதற்கு மொபெட் புகைதான் பதில்.

மறுநாள் காலை, குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு புதுக் குடத்தோடு வந்தார். நேராக மெஷினுக்குப் போகவில்லை. கேன்டீனுக்குப் போனார். வடை போடுகிற பெரிய இரும்புச் சட்டியில் புது எண்ணெய் ஊற்றச் சொல்லி, அடுப்பைப் பற்றவைத்து, அந்த இரும்புக் குடத்தைக் கம்பியில் கட்டி எண்ணெய்க்குள் இறக்கிவிட்டார். நாற்பது பெண்களும் சட்டியைச் சுற்றி நின்றோம். என் வயசுக்கு முறுக்கு, அதிரசம், எங்கள் பக்கத்துப் போளியான ஒப்பட்டு என்று எத்தனையோ சுட்டிருக்கிறேன். இரும்பைச் சுட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெந்துருச்சாண்ணா? குச்சி விட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் கெம்பம்மா.

"சட்னி அரைச்சு வைக்கிறோம்ணா," என்று இன்னொருத்தி.

அவர் சிரிக்கவில்லை. "சூடு ஏறினா இரும்பு உப்பும், ஓட்டை பெருசாவும். ஆறினதும் சுருங்கித் தண்ட கவ்விக்கும். ஆனா அளவா ஏறணும். சூடு அளக்கிற கருவிய லேத்துலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று தலையைத் தடவினார். எல்லாவற்றையும் முடியளவு பார்க்கிறவர் ஒரு பொருளை மறந்து வந்ததை எங்களால் நம்ப முடியவில்லை.

கெம்பம்மா வடை மாவில் ஒரு சிட்டிகை எடுத்து எண்ணெயில் போட்டாள். மாவு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இன்னும் ஆவல. வடைக்கின்னா டப்புனு மேல வரணும். உன் இரும்புக்கு எப்படிண்ணா வரணும்?"

முடியளவார் அந்த மாவையே பார்த்தார். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "டப்புனு வந்தா ரொம்ப சூடு. ஆற அமர, கெழவி எழுந்திரிக்கிற மாதிரி வரணும்."

மூன்றாவது சிட்டிகை அப்படியே எழுந்து வந்தது. "இதான் பதம்" என்றாள் கெம்பம்மா. அவர் தோல் கையுறை போட்டுக் குடத்தைத் தூக்கினார். ஓடினார். ஐம்பது வயசுக்கு மேலே அந்த ஓட்டம். நாங்கள் நாற்பது பேரும் பின்னால் ஓடினோம். தண்டை முன்பே துடைத்து, அதன் பள்ளத்தில் சின்னச் சாவி மாதிரி ஒரு இரும்புக் கட்டையை வைத்துத் தயாராக வைத்திருந்தார். குடத்தின் பள்ளத்தை அந்தக் கட்டைக்கு நேராகக் காட்டி, இரண்டு கையாலும் தள்ளினார். சோப்பு போட்ட கையில் வளையல் இறங்குகிற மாதிரி இறங்கியது. தண்டில் அவர் போட்டு வைத்திருந்த கோடு வரைக்கும் போய் நின்றது. ஒரு அடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. கையை எடுத்தார்.

"இனிமே நீயே வந்து இழுத்தாலும் வராது" என்று பாண்டியிடம் சொன்னார். குடத்தின் மேலே இருந்த திருகை, அந்தக் கட்டை மேல் போய் உட்காரும்படி முடுக்கி, நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்தார். நாங்கள் கை தட்டினோம்.

"இருங்கம்மா. கல்யாணம்தான் ஆச்சு, குடித்தனம் நடக்கணுமில்ல?" என்றார். கடிகாரம் மாதிரி முள் வைத்த ஒரு கருவியைக் கப்ளிங்கின் மேல் நிறுத்தி, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். "ஒந்து... எரடு... மூரு..." முள் இந்தப் பக்கம் ஒரு ஓட்டம், அந்தப் பக்கம் ஒரு ஓட்டம். அவர் முகம் மாறிவிட்டது.

"மோட்டாரும் கியர்பாக்ஸும் நேரா மூஞ்சி பாக்கல. கோணிக்கிட்டு நிக்குது. இப்படியே ஓட்டினா எத்தனை கப்ளிங் மாட்டினாலும் ஆட்டி ஆட்டிப் புடுங்கிரும். இத யாரு கழட்டி மாட்டினது?"

"சீசனுக்கு முன்னாடி பெயின்ட் அடிக்கக் கழட்டினோம்ணே. நாந்தேன் மாட்டினேன். முன்ன காலுக்கு அடியில இருந்த தகடெல்லாம் அப்படியே அந்தந்தக் கால்லதாண்ணே வச்சேன்" என்றான் பாண்டி. முதலாளி வந்து அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மணி பதினொன்று தாண்டிவிட்டது. அவர் ஒரு கையில் போன், அதில் லாரி ஏஜென்ட்.

முடியளவார் மோட்டாரின் நான்கு காலில் ஒவ்வொரு போல்ட்டாக லூசாக்கி முள்ளைப் பார்த்தார். முதல் கால், முள் அசையவில்லை. இரண்டாவது, அசையவில்லை. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை லூசாக்கினார், முள் துள்ளிக் குதித்தது.

"இந்தக் கால்தான் பொய் சொல்லுது. அடியில என்னமோ கெடக்குது" என்று கடப்பாரையை எடுத்தார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சீசன் பூஜை அன்றைக்கு மோட்டாரை மறுபடி தூக்கி வைத்தார்கள். நான் பக்கத்தில் குங்குமத்தோடு நின்றேன். வீடு கட்டினால் வாசக்கால் நிறுத்தும்போது அடியில் ஒரு காசு போடாமல் நிறுத்துவோமா? இந்த மோட்டார்தானே எங்கள் நாற்பது வீட்டுக்கும் வாசக்கால்? அவர்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு ரூபாய்க் காசை அந்தக் காலுக்கு அடியில் நான்தான் வைத்தேன். எட்டு வருஷமாக எந்தக் குறையும் இல்லை, இந்த வருஷமும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கும்பிட்டும் வைத்தேன். சாமி பார்த்துக்கொண்டதா என்று இப்போது நீங்களே சொல்லுங்கள். மூன்று நாளாக ஆளையே முழுங்குகிற மாதிரி நான் பாண்டியைத் திட்டியிருக்கிறேன். நாற்பது பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டது நான்.

மோட்டாரின் கால் மேலே எழும்பியது. முடியளவார் குனிந்து, கை விட்டு, எதையோ எடுத்தார். நசுங்கிப்போன மஞ்சள் துணி. திறந்து பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி, வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். எப்படித் தெரிந்ததோ. என் விரலில் இருக்கும் மஞ்சளைப் பார்த்தாரா, நான் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாரா, தெரியவில்லை.

"என்ன இருந்துச்சு?" என்றார் முதலாளி.

முடியளவார் உள்ளங்கையை மூடினார். மூடின கையைச் சட்டைப் பைக்குள், ஃபியூஸ் கட்டைக்குப் பக்கத்தில் விட்டார்.

"வாஷருங்க சார். எப்பவோ விழுந்து அடியில போயிருக்குது. இந்தப் பையன் மேலயும் தப்பில்ல, யார் மேலயும் தப்பில்ல."

கெட்டிமேளத்தை நிறுத்தி முடிச்சைச் சரிபார்த்த மனிதர் அவர். டீயில் ஆடை ஒதுங்கினதுக்கு பெஞ்சுக்கு அடியில் படுத்த மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு முழு ரூபாய்ப் பொய் வந்தது, குரல் கொஞ்சம்கூட ஆடாமல்.

அப்புறம் காலை உட்காரவைத்து, போல்ட்டை முடுக்கி, முள்ளை வைத்துச் சுற்றினார். "ஒந்து, எரடு, மூரு, நால்கு." முள் தூங்கிவிட்டது. குடத்துக்கும் குடத்துக்கும் நடுவில் ரப்பர் பூவை வைத்து, கெம்பம்மாவிடம் ஒரு முடி கேட்டு வாங்கி, இடைவெளியில் விட்டுச் சுற்றிலும் ஓட்டிக் காட்டினார். பாண்டி வாயைப் பிளந்து பார்த்தான். ஃபியூஸ் கட்டையை அவரே போய் மாட்டினார். மத்தியானம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெல்ட் ஓட ஆரம்பித்தது. சத்தமே இல்லை. முதல் லாரி பின்பக்கமாக உள்ளே வந்தது. நான் என் இடத்தில் நின்று பழத்தைத் தொட்டேன், கண்ணில் தண்ணீர் வந்து ஒரு அழுகலை விட்டுவிட்டேன். கெம்பம்மா எடுத்துப் போட்டாள்.

சாயங்காலம் அவர் மொபெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, எதுக்குப் பொய் சொன்னீங்க? நான் வச்சேன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"காசு கனம் எவ்ளோ தெரியுமாக்கா? இருபது முடி." கோபமெல்லாம் அதிலேதான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வாசக்காலுக்கு வைக்கிறாப்ல வச்சிட்டீங்க, இல்ல? வைக்கலாம்க்கா, தப்பில்ல. ஆனா வாசக்கால் சுத்தாது."

"பாண்டியத்தான் கண்டபடி பேசிட்டேன்."

"அவன்கிட்ட நீங்களே சொல்லிருங்க. அது என் வேலை இல்ல."

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொல்லத் தைரியம் வரவில்லை, கேன்டீனுக்குப் பின்னால் நின்று சொன்னேன். பாண்டி அரை மணி நேரம் சிரித்தான். அப்புறம் அந்த சீசன் முழுக்க அவன் தட்டில் ஒரு வடை கூடுதலாக விழுந்தது. வேறு யாருக்கும் ஏன் என்று தெரியாது. இப்போது பத்திரிகையில் வந்துவிட்டால் முதலாளிக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும், இந்த வயசில் என்னை என்ன செய்துவிடப் போகிறார்.

அதற்கப்புறம் இரண்டு சீசன் முடிந்துவிட்டது. அந்தக் கப்ளிங் அசையவில்லை. சிவப்புக் கோடு போட்டது போட்டபடி இருக்கிறது. ரப்பர்கூடத் தேயவில்லை என்கிறான் பாண்டி. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு குறை. அரைகுறையாக வேலை செய்கிற ஆளாக இருந்திருந்தால் மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்து போயிருப்பார். நன்றாகச் செய்துவிட்டுப் போனவரை எந்தச் சாக்கில் கூப்பிடுவது?

அடுத்த வாரம் சீசன் பூஜை. நேற்று பாண்டியைக் கூப்பிட்டு, "அவருக்கு ஒரு போன் போடு, மோட்டார் பக்கம் என்னமோ சத்தம் கேக்குதுன்னு சொல்லு" என்றேன்.

"சத்தமே இல்லையே, மேஸ்திரியம்மா. வந்து பாத்தா திட்டுவாரே."

திட்டட்டும். ஒப்பட்டு சுட்டு வைத்துக்கொண்டு கேட்கிறேன்.